ஏழு ஆண்டு என்றால் ஏழு ஆண்டுதான்

(திரைப்பட ரசிகர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஹாலிவுட் நடிகை ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். மர்லின் மன்றோவைப் பற்றியோ ஆட்ரி ஹெப்பர்னைப் பற்றியோ பேசுவேன் என்று பலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது ஒலிவியா டி ஹாவிலாண்ட். சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை இரண்டு முறை பெற்றவர். 'கான் வித் த விண்ட்' பார்த்தவர்களுக்கு மெலனி என்றால் உடனே முகம் நினைவுக்கு வரும். கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டத்தில் 2855ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அங்குள்ள வழக்கறிஞர்கள் அதை இன்றுவரை 'டி ஹாவிலாண்ட் சட்டம்' என்றே சொல்கிறார்கள். ஒரு நடிகையின் பெயரை ஒரு சட்டம் ஏன் சுமக்கிறது? அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1916 ஜூலை 1, டோக்கியோ. பெற்றோர் ஆங்கிலேயர். அப்பா அங்கே காப்புரிமை வழக்கறிஞர், அம்மா லண்டனில் நடிப்புப் பயிற்சி பெற்றவர். ஒலிவியாவுக்கு மூன்று வயது நிரம்பும் முன்பே அம்மா இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கலிபோர்னியாவுக்கு வந்து, சாரடோகா என்ற சிற்றூரில் தங்கிவிட்டார். தங்கை ஜோன் ஃபொன்டெய்னும் பின்னாளில் பெரிய நடிகையானார்.

ஊர் நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்த இந்தப் பெண்ணுக்கு 1934இல் ஒரு வாய்ப்பு வந்தது. ஆஸ்திரிய நாடக மேதை மாக்ஸ் ரைன்ஹார்ட், ஷேக்ஸ்பியரின் கோடைக்கால இரவுக் கனவு நாடகத்தை ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் நடத்தினார். அதில் ஹெர்மியா பாத்திரத்துக்கு ஒலிவியா மாற்று நடிகை. அதிலும் முதல் மாற்றுகூட இல்லை, இரண்டாவது. நடிக்க வேண்டியவரும் முதல் மாற்றும் வேறு வேலையாகப் போய்விட, 18 வயதுப் பெண் மேடையேறினார். அதைப் படமாக எடுத்த வார்னர் பிரதர்ஸ் அவரை வாரம் 200 டாலர் சம்பளத்தில் அமர்த்திக்கொண்டது. அடுத்து 'கேப்டன் பிளட்' வந்தது. எரோல் ஃபிளின் கதாநாயகன். படம் ஓடு ஓடென்று ஓட, இருவரும் எட்டுப் படங்களில் சேர்ந்து நடித்தார்கள். 1938இல் வண்ணத்தில் வந்த ராபின் ஹூட் படத்தின் மரியன் அவர்தான்.

1936 ஏப்ரலில் வார்னர் அவரிடம் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. ஏழு ஆண்டு, வாரம் 500 டாலரில் தொடக்கம். அப்போது அவருக்கு வயது 19. அந்த ஒப்பந்தம் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தக் கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

ஏழு ஆண்டு என்று சொன்னாலும் கட்டுப்பட்டது ஒரு தரப்புதான். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் நடிகையை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று ஸ்டுடியோ முடிவு செய்யலாம். நடிகை வெளியேற முடியாது. எந்தப் படம், என்ன பாத்திரம் என்பதைத் தீர்மானிப்பது ஸ்டுடியோ. வேறு கம்பெனிக்கு அவரை 'கடன்' கொடுக்கலாம். அங்கே கூடுதல் தொகை கிடைத்தால் அது ஸ்டுடியோவுக்கு, நடிகைக்கு வழக்கமான சம்பளம் மட்டும். பாத்திரம் பிடிக்கவில்லை என்று மறுத்தால் சஸ்பென்ஷன். சம்பளம் கிடையாது, வேறெங்கும் நடிக்கவும் கூடாது. அந்தப் பாத்திரத்தை இன்னொருவர் நடித்து முடிக்கும்வரை வீட்டில் இருக்க வேண்டும். இதோடு முடிந்தால் பரவாயில்லை. அப்படி வீட்டில் இருந்த வாரங்களை எண்ணி, ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்ப்பார்கள்! கந்துவட்டிக் கடன் போலத்தான். கட்டக் கட்ட அசல் குறையாது. மறுக்க மறுக்க ஒப்பந்தம் நீளும். தன்மானமுள்ள நடிகை ஒருவர் ஏழு ஆண்டை முடிக்கப் பத்து ஆண்டு உழைக்க வேண்டியிருக்கும். கீழ்ப்படிந்து நடப்பவருக்குத்தான் ஏழு ஆண்டு ஏழு ஆண்டாக இருக்கும்.

இதை எதிர்த்தவர்கள் முன்பும் உண்டு. அதே வார்னரில் இருந்த பெட்டி டேவிஸ் 1936இல் இங்கிலாந்துக்குப் போய்ப் படம் நடிக்க முயன்றார். வார்னர் லண்டன் நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஸ்டுடியோவின் வழக்கறிஞர் அவரை ஒரு குறும்புக்காரச் சின்னப்பெண் என்கிற தோரணையில் வர்ணித்து வாதிட்டார். பெட்டி டேவிஸ் தோற்றார், திரும்பி வந்து அதே ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். அவ்வளவு பெரிய நடிகைக்கே அந்த நிலை என்றால் மற்றவர்கள் வாய் திறப்பார்களா?

ஒலிவியாவுக்கு வார்னரில் கிடைத்ததெல்லாம் ஒரே மாதிரியான வேடங்கள். கதாநாயகன் வாள் சுழற்றுவான், இவர் கவலையோடு பார்க்க வேண்டும். இந்த நேரத்தில்தான் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் 'கான் வித் த விண்ட்' எடுக்கிறார். மெலனியாக ஒலிவியா நடிக்க வேண்டும் என்று விரும்புகிறார். ஜாக் வார்னர் முடியாது என்கிறார். ஒலிவியா என்ன செய்தார் தெரியுமா? முதலாளியின் மனைவி ஆன் வார்னரைத் தேநீர் அருந்த அழைத்து, அவரிடம் தன் ஆசையைச் சொன்னார். ஆன் வீட்டில் பேசினார். அனுமதி கிடைத்தது. எனக்கு இந்தச் சம்பவம் பிடிக்கும். ஆனால் கோபமும் வரும். அதற்குள் பல படங்களில் நடித்துவிட்டிருந்த ஒரு கலைஞர், தனக்குப் பொருத்தமான பாத்திரத்தை நடிக்க முதலாளியின் மனைவியிடம் சிபாரிசுக்குப் போக வேண்டியிருந்தது.

மெலனியாக நடிப்பது எளிதில்லை. நல்லவளாகவே இருக்கும் பாத்திரம் திரையில் சீக்கிரம் சலித்துவிடும். ஒலிவியா அந்த நல்ல தன்மைக்குள் ஓர் உறுதியை வைத்தார். வீட்டுக்குள் நுழைந்த சிப்பாயைக் கதாநாயகி ஸ்கார்லெட் சுட்டுக் கொன்றுவிடுகிறாள். பிரசவித்த உடம்போடு, கையில் தூக்க முடியாத வாளைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் மேலே மெலனி வந்து நிற்பாள். பிணத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் திகைப்பு கொஞ்ச நேரம்தான். அடுத்து ஒரு திருப்தி வரும். அடுத்த முறை பார்க்கும்போது அந்த முகத்தை மட்டும் கவனியுங்கள். துணை நடிகைக்கான பட்டியலில் அவர் பெயர் இருந்தது, விருது அதே படத்தில் நடித்த ஹாட்டி மக்டேனியலுக்குப் போனது. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். அந்த விழா மண்டபத்தில் அவரைச் சக நடிகர்களோடு உட்கார வைக்காமல் ஓரத்தில் தனி மேசை போட்டிருந்தார்கள். ஒலிவியாவின் கட்டுகளைப் பற்றிப் பேசும்போது, அவரைவிடப் பல மடங்கு கட்டுகளோடு அதே துறையில் வாழ்ந்தவரை மறந்துவிடக் கூடாது.

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு வார்னருக்குத் திரும்பினால், மறுபடி பழைய வேடங்கள். மறுக்கத் தொடங்கினார், சஸ்பென்ஷன்கள் சேர்ந்தன. 1943 மே மாதம் ஏழு ஆண்டு முடிந்தது. வெளியே வரலாம் என்று நினைத்தபோது கணக்கை நீட்டினார்கள். இன்னும் 25 வாரம் பாக்கி.

மார்ட்டின் காங் என்ற வழக்கறிஞரிடம் போனார். கலிபோர்னியாவில் ஒரு பழைய சட்டம் இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். தனிமனிதரின் உழைப்பை ஒரு முதலாளிக்கு இத்தனை ஆண்டுக்கு மேல் கட்டாயப்படுத்திக் கட்டிவைக்க முடியாது என்ற சட்டம். 1872இல் எழுதியபோது இரண்டு ஆண்டு என்றிருந்த வரம்பு பின்னர் ஏழாக உயர்ந்திருந்தது. கொத்தடிமை முறைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம்தான் அதன் அடித்தளம். சட்டம் புத்தகத்தில் இருந்தது. சஸ்பென்ஷன் கணக்கை எதிர்த்து அதைக் கையில் எடுத்து இறுதிவரை போக ஆள்தான் இல்லை.

1943 ஆகஸ்டில் வழக்குப் போட்டார். வார்னர் மற்ற ஸ்டுடியோக்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பியது. இந்த நடிகை எங்களிடம் ஒப்பந்தத்தில் இருக்கிறார், வேலை கொடுக்காதீர்கள் என்று. எல்லாக் கதவும் அடைபட்டது. 27 வயது. நடிகையின் வாழ்க்கையில் அந்த வயது எவ்வளவு விலைமதிப்பானது என்பதைத் திரைத்துறையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோற்றால் பெட்டி டேவிஸ் போலத் திரும்பிப் போகலாம் என்பதுகூட உறுதியில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டு படப்பிடிப்புத் தளத்தில் கால் வைக்கவில்லை.

போர்க்காலம் அது. வேலை இல்லாத அந்த மாதங்களில் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போனார். அலாஸ்கா, அலூஷியன் தீவுகள், தென் பசிபிக் என்று சுற்றி, காயம்பட்ட வீரர்களோடு வார்டு வார்டாக உட்கார்ந்து பேசினார். ஃபிஜியில் நிமோனியா வந்து அவரே மருத்துவமனையில் படுத்தார்.

நீதிமன்றத்தில் வார்னரின் வாதம் இது: ஏழு ஆண்டு என்றால் உண்மையாக வேலை செய்த ஏழு ஆண்டு, வேலை செய்யாத நாளைக் கழிக்க வேண்டும். தவிரவும், நீட்டிப்புக்குச் சம்மதித்து அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். 1944 மார்ச்சில் முதல் தீர்ப்பு ஒலிவியாவுக்குச் சாதகமாக வந்தது. வார்னர் மேல்முறையீடு செய்தது. டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒலிவியா பக்கமே நின்றது. ஏழு ஆண்டு என்பது காலண்டரில் ஓடும் ஏழு ஆண்டு. உழைப்பவரைக் காக்கப் பொதுநலனுக்காகப் போட்ட சட்டத்தை ஒரு தனி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி இல்லாமல் ஆக்க முடியாது. இந்த இரண்டாவது கருத்துதான் என்னை மிகவும் ஈர்த்தது. 19 வயதுப் பெண் வேலைக்காகப் போட்ட கையெழுத்தைக் காட்டி, 'நீதானே சம்மதித்தாய்' என்று கேட்பவருக்கு நீதிமன்றம் சொன்ன பதில் அது. 1945 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரிக்க மறுத்துவிட்டது. ஒலிவியா விடுதலையானார்.

பலன் அவரோடு நிற்கவில்லை. போருக்குப் போய்த் திரும்பிய நடிகர்களின் ராணுவ ஆண்டுகளை ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டும் வழியும் அடைபட்டது. இசைக் கலைஞர்களும் பிற்காலத்தில் இதே சட்டத்தைக் காட்டி வாதாடினார்கள். இசைக் கம்பெனிகளோ 1987இல் சட்டத்தில் தங்களுக்கு ஒரு விலக்கைச் சேர்க்க வைத்தன. கலைஞர்கள் பதிவு செய்து தராத ஆல்பங்களுக்கு இசைக் கம்பெனிகள் மட்டும் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று. அது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சரி, விடுதலையான நடிகை என்ன செய்தார்? 1946இல் 'டு ஈச் ஹிஸ் ஓன்'. பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்ல முடியாத தாயாக இளமையிலிருந்து நடுவயதுவரை ஒரே படத்தில் வாழ்ந்து காட்டினார். முதல் ஆஸ்கர். 1948இல் 'த ஸ்நேக் பிட்'. மனநல மருத்துவமனையில் அடைபட்ட பெண். அதற்காக நிஜ மருத்துவமனைகளுக்குப் போய் நோயாளிகளோடு பழகினார், அங்கே தரப்படும் சிகிச்சைகளைக் கவனித்தார், உடம்பை இளைத்துக்கொண்டார். ஒப்பனை இல்லாத அந்த முகத்தை வார்னர் எந்தக் காலத்திலும் திரையில் காட்டியிருக்காது.

அடுத்தது 'தி ஏரஸ்', 1949. நாடகமாகப் பார்த்துவிட்டு, இதை நாம் எடுக்கலாம் என்று இயக்குநர் வில்லியம் வைலரிடம் எடுத்துச் சொன்னவரே ஒலிவியாதான். சிபாரிசுக்கு அலைந்தவர், கதையைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டார். கேத்தரின் என்ற பணக்கார வீட்டுப் பெண், காதலனோடு ஓடிப்போகப் பெட்டியோடு இரவெல்லாம் காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும். வைலர் திருப்தி அடையாமல் மறுபடி மறுபடி எடுக்கிறார். ஒலிவியா பொறுமை இழந்து பெட்டியை வீசிவிடுகிறார். அப்போதுதான் வைலருக்குப் புரிகிறது, பெட்டி காலி! உள்ளே புத்தகங்களை நிரப்பச் சொல்கிறார். அதற்குப் பிறகு எடுத்ததைத்தான் நாம் பார்க்கிறோம். தோள் இறங்கி, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக அந்தச் சுமையை இழுத்துக்கொண்டு ஏறுகிறார். அங்கே கேத்தரினின் இளமை முடிந்துபோகிறது. இதற்கு இரண்டாவது ஆஸ்கர்.

மீதியை வேகமாகச் சொல்கிறேன். 1950களில் பாரிஸுக்குக் குடிபோனார். 1965இல் கான் திரைப்பட விழா நடுவர் குழுவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். தங்கையோடு இருந்த மனத்தாங்கல் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. 1942 ஆஸ்கர் விழாவில் இருவரும் சிறந்த நடிகைக்கான பட்டியலில் இருந்தார்கள், தங்கை வென்றார். அந்தக் குடும்ப விவகாரத்துக்குள் போக எனக்கு விருப்பமில்லை.

2017இல், 101ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், ஒலிவியா மறுபடி வழக்குப் போட்டார். ஒரு தொலைக்காட்சித் தொடர் தன் அனுமதி இல்லாமல் தன்னைப் பாத்திரமாக்கி, தான் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுகிறது என்று. இந்த முறை தோற்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் படைப்புச் சுதந்திரத்தின் பக்கம் நின்றது. 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வழக்கை ஏற்கவில்லை. அவர் மீது எவ்வளவு மதிப்பு இருந்தாலும், அந்தத் தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. வாழ்ந்தவர்களைப் பற்றிக் கதை சொல்ல அவர்களிடமே அனுமதி வாங்க வேண்டும் என்றால் வரலாற்றுப் படம் எடுக்கவே முடியாது. ஆனால் நூறு வயது கடந்தும், இது எனக்கு நேர்ந்த தவறு என்று தோன்றியதை நீதிமன்றத்தில் போய்க் கேட்ட துணிவு இருக்கிறதே, அது 1943இல் வழக்குப் போட்ட அதே பெண்ணின் துணிவு.

2020 ஜூலை 26 அன்று பாரிஸில், 104 வயதில் காலமானார்.

அவர் படங்களை இதுவரை பார்க்காதவர்கள் 'தி ஏரஸ்' படத்திலிருந்து தொடங்குங்கள். பிறகு 'த ஸ்நேக் பிட்'. கடைசியாக ராபின் ஹூட் பாருங்கள். வழக்குக்கு முன்னால் அவருக்கு என்ன கொடுத்தார்கள், பின்னால் அவர் என்ன எடுத்துக்கொண்டார் என்பது அந்த வரிசையில் பார்த்தால் நன்றாகத் தெரியும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். நன்றி.