'வீடு' படத்தின் நடிப்பும் நம் கடமையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, வாடகை வாங்காமல் அரங்கைத் தந்த வாசகர் வட்டப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா நேரத்தோடு முடித்து எனக்கு வழிவிட்டார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்த செயலாளருக்கு இன்னொரு நன்றி.

பாலுமகேந்திராவின் 'வீடு' பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன்: நடிப்பு, தொனி, ஒளிப்பதிவு.

நிறைகுடம் தளும்பாது. எந்த மேடை ஏறினாலும் நான் சொல்கிற பழமொழிதான், ஆனால் இந்தப் படத்துக்கு அப்படியே பொருந்துகிறது. சொந்த வீடு கட்டப் படாத பாடு படும் சுதாவாக அர்ச்சனா. கஷ்டம் கழுத்தை நெரிக்கும்போதும் அவர் நடிப்பு அளவு மீறுவதில்லை. தேசிய விருதே தேடி வந்தது. 1988-இல் வந்த படம், பாட்டே கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்துதான் பின்னணி இசை. "இங்கே அழு" என்று அது நமக்கு உத்தரவு போடுவதில்லை. தொனி என்று நான் சொல்வது அதைத்தான்.

அப்புறம் சுதாவின் தாத்தா! சொக்கலிங்க பாகவதர் நாடக மேடையில் வளர்ந்தவர். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலெடுத்துப் பழகிய மனிதர், கேமரா முன்னால் எவ்வளவு அடங்கி நடிக்கிறார் பாருங்கள். கட்டி முடியாத வீட்டைப் பார்க்க அவர் வருகிற காட்சி ஒன்று போதும்.

எங்கள் ஊரில் இந்தப் படத்தைத் திரையிட்டோம். மகள் வற்புறுத்தியதால் ஒரு வயதான மேஸ்திரி வந்திருந்தார். அந்தக் காட்சி வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, மறைக்குது, உட்காருங்க" என்று பின்னாலிருந்து கூப்பாடு. அவர் காதிலேயே விழவில்லை. படம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எத்தனையோ வீடு கட்டியிருக்கேன். வேலை நடக்கும்போது பெரியவங்க வந்து நின்னா, 'தூசி பறக்குது, தள்ளிப் போங்க'ன்னு விரட்டுவேன். அவங்க எதைப் பாக்க வந்தாங்கன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. போகும்போது ஒன்று கேட்டார்: "அந்தப் பெரியவர் முகத்தை இன்னும் தெளிவாக் காட்டியிருக்கக் கூடாதா?"

என்ன பதில் சொல்வது? எங்களுக்குக் கிடைத்தது தேய்ந்துபோன பிரதி. புதுப் பிரதி எடுக்க வேண்டிய மூலச் சுருளான 'வீடு' படத்தின் நெகட்டிவ் அழிந்துபோனதைப் பாலுமகேந்திராவே வேதனையோடு சொல்லியிருக்கிறார். நிறைகுடம் தளும்பாது, சரி. குடத்தையே நாம் காப்பாற்றவில்லையே! புனேயில் 1964-இலேயே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கும் ஒரு காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் 2014-இல் மறைந்தார். அந்தக் கோரிக்கையை இனி நாம்தான் தூக்க வேண்டும்.

ஒளிப்பதிவும் அவருடையதுதான், ஆனால் தலைவர் மணியடித்துவிட்டார். அரசுக்கு அனுப்பும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயரும் ஊரும் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா இல்லாதவர்களுக்கு மாணவத் தோழர்கள் கொடுப்பார்கள். வணக்கம்.