மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர்களில் நிறையப் பேர் விவசாயக் கூலிகள். அதிலும் வயதான பெண்கள். "இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி" என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த வேளைக்குச் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்பதில்லை. நெற்களஞ்சியம் என்று பேரெடுத்த தஞ்சை, திருவாரூர் பக்கத்தில் இதைக் கேட்க நமக்குத் தயக்கம். சொல்ல அவர்களுக்குக் கூச்சம்.

ஆனால் கேட்டே ஆக வேண்டும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடும். வேர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஒருமுறை அப்படி விழுந்தவர், அப்புறம் சாப்பாடு இல்லாத நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார். அவர் நிலையில் யாரும் அதைத்தான் செய்வார்கள். பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்து நாம் மாத்திரையைக் கூட்டுகிறோம். கூட்டிய மாத்திரையை ஒரு பட்டினி நாளில் போட்டுக்கொண்டால், முன்னைவிட மோசமாக விழுவார்.

2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். அது பெரிய தெம்பு, மறுக்க முடியாது. ஆனால் காய், முட்டைக்குக் கூலி வர வேண்டும். அறுவடை மெஷின் வந்தபின் தை, மாசியில் கிடைத்த அறுப்பு வேலை சுருங்கிவிட்டது. கோடையில் மேட்டூர் திறக்கும் வரை வயல் வேலை குறைவு. வெறும் சோறும் ஊறுகாயுமாகச் சர்க்கரை நோயாளி எத்தனை நாள் ஓட்டுவார்?

1960களில் அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவிலும் இதே நிலைதான். பருத்தி எடுக்கும் மெஷின் வந்து கூலிகள் வேலை இழந்தார்கள். அங்கே மவுண்ட் பையூ என்ற ஊரில் ஜாக் கைகர் என்ற மருத்துவரின் முயற்சியில் ஒரு சமூக சுகாதார நிலையம் வந்தது. ஊட்டமில்லாத குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டிலேயே சாப்பாட்டை எழுதினார்கள். மளிகைக் கடையில் பொருள் வாங்கிக்கொள்ளலாம், செலவு மருந்துக் கணக்கில். மேலிடம் ஆட்சேபித்தபோது, ஊட்டக் குறைவுக்கு மருந்து உணவுதானே என்றார் கைகர். பிறகு அந்தக் கூலிக் குடும்பங்களே கூட்டுறவுப் பண்ணை வைத்துக் காய்கறி பயிரிட்டன.

நாம் எங்கே தொடங்கலாம்? நர்சம்மாவும், 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பணியாளர்களும் வீட்டுக்கே போகிறார்கள். கேட்க வேண்டிய இடம் அதுதான், வரிசையில் நாலு பேர் முன்னால் அல்ல. "சாப்பிட்டீங்களா பெரியம்மா?" என்றால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? மாசக் கடைசியில அரிசி பத்துதா?" என்று கேட்க வேண்டும். பதிலை நோயாளியின் நோட்டில் எழுதிவைத்தால் மருத்துவர் மாத்திரையை மாற்றும்முன் பார்ப்பார். சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தும் ஆபத்து குறைவான மருந்துகளும் இருக்கின்றன.

கைரேகை விழாமல் ரேஷன் நின்றுபோன முதியவருக்கு, வீட்டுக்கே பொருள் வரும் தாயுமானவர் திட்டத்தைச் சொல்லி மனு எழுதிக் கொடுக்கலாம். முதியோர் உதவித்தொகைக்கும் அப்படித்தான். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் உண்டு. அது கணக்கில் ஏறியதா என்று நிலையமே பார்க்க வேண்டும். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. காசநோயாளி வீட்டாருக்கு உணவுப் பொருள் கொடுத்ததில், அந்த வீடுகளில் மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது.

கேட்டுக்கொண்டிருக்கும் நோயாளிகளுக்கு ஒன்று. மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். அடுத்த தடவை போகும்போது, "சாப்பாடு இல்லாத நாளில் இதை என்ன செய்வது?" என்று மருத்துவரிடமே கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வணக்கம்.