ஆழம் அறிந்து காலை விடு

(திருகோணமலை உப்புவெளியில் ஞாயிறு காலை நடந்த வாசகர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கல்விப் பணிமனையிலிருந்து வேலைப்பளுவின் நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உயர் அதிகாரி அவர்களே, காலைப் பூசை முடித்த கையோடு வந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, கிண்ணியாவிலிருந்து வந்திருக்கும் மௌலவி அவர்களே, பாலையூற்றிலிருந்து வந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, பிரதேச சபை உறுப்பினர்களே, என்னை ஆளாக்கிய ஓய்வுநிலை ஆசிரியப் பெருந்தகைகளே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பெரிய மனசோடு பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நன்றி. ஒவ்வொரு மேடையிலும் நான் வேண்டிக்கொள்வதை இங்கும் வேண்டிக்கொள்கிறேன்: அடுத்த முறை அந்தப் பணத்துக்கு ஒரு புத்தகம் வாங்கி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்று மூன்று விடயங்கள் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, நூறு கோடி ஆண்டுகளுக்கு அப்பால் நடக்கும் ஒரு நாவல். இரண்டு, அதை எழுதியவருக்கும் நம்முடைய கோணமலைக் கடலுக்கும் உள்ள உறவு. மூன்று, நம் பள்ளிக்கூடங்களில் பூட்டிக் கிடக்கும் புத்தக அலுமாரிகள்.

நாவலின் பெயர் 'த சிட்டி அண்ட் த ஸ்டார்ஸ்'. நகரமும் விண்மீன்களும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1917இல் இங்கிலாந்தின் சொமர்செற் பகுதியில் பிறந்தவர். 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008இல் கொழும்பில் கண்மூடி, கொழும்பு மண்ணிலேயே அடக்கமானவர். பூமியின் சுழற்சியோடு சேர்ந்து சுழலும் செய்மதிகளால், அதாவது செயற்கைக்கோள்களால், உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர். அவரை நம் நாட்டுக்காரர் என்று சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

கதைக்கு வருகிறேன். பூமியில் கடல்கள் வற்றிவிட்டன. எங்கும் பாலைவனம். அதன் நடுவே டயஸ்பார் என்று ஒரே ஒரு நகரம், சுற்றிவர மதில். அந்த நகரத்தில் ஒரு மாபெரும் கணினி இருக்கிறது. தெருவிலுள்ள கல்லிலிருந்து மனிதரின் மனசு வரைக்கும் எல்லாவற்றின் வடிவமும் அதன் நினைவுக் களஞ்சியத்தில் பதிந்திருக்கிறது. ஒருவர் ஆயிரம் ஆண்டுகள் வாழ்வார். பிறகு தன் நினைவுகளில் வேண்டியதை வைத்து, வேண்டாததைக் கழித்துவிட்டு, களஞ்சியத்துக்குள் போய் உறங்குவார். யுகங்கள் கழித்து மறுபடி உடலோடு வெளியே வருவார். எந்த நேரத்திலும் நகரத்து மக்களில் நூற்றில் ஒரு பங்குதான் தெருவில் நடமாடும். மற்ற எல்லோரும் உறக்கத்தில். அங்கே குழந்தை பிறப்பதில்லை, நோய் இல்லை, பசி இல்லை. புதிதாக எதுவும் இல்லை.

அந்த நகரத்தில் அல்வின் என்று ஒரு பையன். முன்பு வாழ்ந்த நினைவு எதுவும் அவனுக்கு இல்லை. ஏனென்றால் அவன் முன்பு வாழ்ந்ததே இல்லை. ஒரு கோடி ஆண்டுகளில் முதன்முதலாக வந்த புது உயிர் அவன். அவன் கேட்பது ஒரே கேள்விதான்: "மதிலுக்கு வெளியே என்ன இருக்கிறது?" அந்தக் கேள்வியைக் கேட்டாலே மற்றவர்களுக்கு உடம்பு நடுங்கும். அல்வின் தன் தோழி அலிஸ்ட்ராவை ஓர் உயர்ந்த கோபுரத்துக்கு அழைத்துப்போகிறான். சுரங்கம் போன்ற ஒரு வழி, அதன் முடிவில் கல்லில் செதுக்கிய சாளரம், அதனூடாக வெளிக்காற்று வீசுகிறது. அவனுக்கு அது பெரும் பேறு. அவளோ பார்க்கவும் மாட்டாமல் பின்வாங்கிவிடுகிறாள். அந்தப் பெண்ணிடம் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. பயம் அவளுக்குள் பிறப்புக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

இங்கேதான் நம் பழமொழி எனக்கு ஞாபகம் வருகிறது. 'ஆழம் அறியாமல் காலை விடாதே'. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பழமொழிக்காக நான் முப்பது வருடமாக வாதாடுகிறேன். வீட்டில், பள்ளியில், கடற்கரையில் பிள்ளைகளை நிறுத்துவதற்கு இதைச் சொல்கிறோம். நாம் சொல்வது 'காலை விடாதே' என்ற பாதியை மட்டும்தான். முன்பாதியில் ஒரு கட்டளை இருக்கிறது. ஆழத்தை அறி என்கிறது அது. என்னுடைய அம்மப்பா திருக்கடலூர்க் கடற்கரையில் வலை இழுத்தவர். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி, இத்தனை பாகம், அதாவது கை விரித்த அளவில் இத்தனை ஆழம், என்று கணக்கெடுத்துவிட்டு, "இப்ப இறங்கு மோனே" என்பார். பழமொழியின் முழுப்பொருளும் அந்த 'இப்ப இறங்கு' என்பதில் இருக்கிறது.

கிளார்க் அப்படி இறங்கியவர். இந்த நாவலுக்கு அவர் எழுதிய முன்னுரையின் கீழே மூன்று இடங்கள் இருக்கின்றன: லண்டன், 'ஹிமாலயா' என்ற கப்பல், சிட்னி. 1954 செப்டம்பரிலிருந்து 1955 மார்ச் வரை. இளைஞராக இருந்தபோதே தொடங்கி, 1948இல் ஒரு சஞ்சிகையிலும் 1953இல் நூலாகவும் வேறு பெயரில் வந்த கதையை மனசு ஆறாமல் புதிதாக எழுதிக்கொண்டு ஆஸ்திரேலியாவின் பவளப்பாறைகளுக்குப் போகிறார். அந்தக் கப்பல் வழியில் கொழும்பில் நிற்கிறது. சில மணி நேரம்தான். அந்தச் சில மணி நேரத்தில் நம் கடலைப் பற்றிக் கேள்விப்பட்டவர், 1956இல் திரும்பி வந்துவிட்டார். நாவல் வெளியானதும் 1956இல். அதே ஆண்டு அவரும் நண்பர் மைக் வில்சனும் இங்கே, நம்முடைய கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியில் சுழியோடினார்கள். செதுக்கிய கற்களையும் தூண் துண்டுகளையும் கடலடியில் கண்டார்கள். அடுத்த ஆண்டு கிளார்க் அதைப் புத்தகமாக எழுதி உலகத்துக்குச் சொன்னார். மைக் வில்சன் பிறகு 1962இல் 'ரன்முத்து துவ' என்ற வண்ணப் படத்தை எடுத்தார். பின்னாளில் துறவறம் பூண்டு சுவாமி சிவ கல்கி ஆனார். அது தனிக் கதை.

அந்தக் கற்கள் எப்படி அங்கே போயின என்பதை இந்த ஊர்ப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். கல்லில் ஒரு பகுதி கோட்டைச் சுவரானது, ஒரு பகுதி கடலுக்குப் போனது. 'குரைகடல் ஓதநித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே' என்று ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடியதை நாம் இன்றும் பாடுகிறோம். பாட்டு நம்மிடம் இருந்தது. கீழே கல் கிடக்கிறது என்பது திருக்கடலூர்ப் பெரியவர்களுக்கும் தெரிந்திருந்தது, என் அம்மப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் எழுதி வைத்தது யார்? ஆழத்தை அறிந்து காலை விட்டவர்.

நான் அந்த நாவலை முதன்முதலில் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். அதிகாரி அவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், இது அவருக்காகவும்தான்.

1976. எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அலுவலகத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு தேக்கு அலுமாரி. உள்ளே முந்நூறு புத்தகங்கள் இருக்கும். மாற்றலாகிப் போன யாரோ ஒரு துரை கொடுத்துவிட்டுப் போனது என்றார்கள். கதவில் பித்தளைப் பூட்டு. நான் ஒவ்வொரு இடைவேளையிலும் போய்க் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பேன். இரண்டாம் தட்டில் நீல முதுகு ஒன்று. அதில் 'ஸ்டார்ஸ்' என்று இருக்கும். ஆங்கிலத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்களில் அதுவும் ஒன்று. பொறுப்பான ஆசிரியையிடம் கேட்டேன். "கை பட்டா ஊத்தையாகும் தம்பி. பரிசளிப்பு விழாவுக்குத் திறப்பம்" என்றார். பரிசளிப்பு விழா வந்தது. பூமாலை போட்டார்கள், அலுமாரிக்கும் ஒரு மாலை போட்டார்கள். திறக்கவில்லை.

அடுத்த தவணை அந்த ஆசிரியை மூதூருக்கு மாற்றலாகிப் போனார். சாவியும் அவரோடு போனது. யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் கவனித்தேன். ஒருநாள் மேலிடத்திலிருந்து பரிசோதனைக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. புத்தக இருப்பைக் கணக்குக் காட்ட வேண்டும். அதிபர் வியர்த்துப்போனார். "ஆர் மூதூருக்குப் போறது?" என்றார். நான் கையை உயர்த்தினேன். அம்மா அதுவரை என்னைத் தனியாக லோஞ்சில், அந்த இயந்திரப் படகில், ஏற விட்டதில்லை. ஒரு கடிதமும் போக்குவரத்துக் காசும் தந்து அனுப்பினார்கள். கொட்டியாரக் குடாவை நான் முதன்முதலில் தனியாகக் கடந்தது ஒரு சாவிக்காக. காற்று எழும்பி லோஞ்ச் ஆடியது. பக்கத்தில் கோழிக் கூடையோடு இருந்த ஒரு உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத மகன், மகாவலி ஆறு வந்து விழுற இடம், அதான் தண்ணி ஆடுது" என்றார். மூதூரில் இறங்கி, வீட்டைத் தேடிப் பிடித்து, கடிதத்தைக் கொடுத்தால், ஆசிரியைக்குச் சாவி இருப்பதே ஞாபகமில்லை. பெட்டியைக் கொட்டினார். தையல் நூல், ஊசி, பழைய அடையாள அட்டை, அடியில் சாவி. எனக்குப் பலகாரமும் தேநீரும் தந்து, "எந்தப் புத்தகம் வேணும் உனக்கு?" என்று கேட்டார். "நீலம்" என்றேன்.

கடைசி லோஞ்சில் திரும்பினேன். அடுத்த நாள் அதிபர், ஆசிரியர்கள் எல்லோரும் சூழ்ந்து நிற்க, பூட்டு திறந்தது. கதவை இழுத்தார்கள். மண் கொட்டியது. சுவரோடு ஏறி, அலுமாரியின் முதுகைத் துளைத்து, கறையான் உள்ளே நகரமே கட்டியிருந்தது. முன்னால் பார்த்தால் முதுகுகள் வரிசையாக, அழகாக. பின்னால் ஒன்றுமில்லை. நீலப் புத்தகத்தை அதிபரே எடுத்து என் கையில் தந்தார். அட்டை இரண்டு இருந்தது. நடுவே ஒரு பிடி மண். யாருடைய கையும் படாமல் ஊத்தையாகாமல் காத்த புத்தகம், ஐயா. நான் அன்றைக்கு அழுத அழுகையை என் தகப்பனார் இறந்தபோதுதான் மறுபடி அழுதேன்.

எட்டு வருடம் கழித்து, கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே நாவலைக் கண்டேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். டயஸ்பார் என்ற நகரத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அந்த அலுமாரிதான் கண்முன் வந்தது. எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. யாரும் தொடுவதில்லை.

அல்வின் வெளியே போகிறான். கெட்ரோன் என்று ஒரு கோமாளி, நகரத்தில் அவ்வப்போது குழப்பம் செய்வதற்கென்றே படைக்கப்பட்டவன், அவனுக்குக் கதவைத் தேட உதவுகிறான். கதவு நிஜமாகவே கிடைத்ததும் அந்தக் கோமாளியே பயந்துபோய் நினைவுக் களஞ்சியத்துக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறான். நிலத்தடி வண்டியில் அல்வின் போய்ச் சேர்வது லிஸ் என்ற பச்சை நாடு. அங்கே மனிதர் பிறக்கிறார்கள், மூப்படைகிறார்கள், சாகிறார்கள், ஒருவர் மனசை ஒருவர் படிக்கிறார்கள். அன்பானவர்கள். ஆனால் அவர்களும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். வந்தவன் திரும்பிப் போவதானால் அவன் நினைவை அழித்துத்தான் அனுப்புவார்களாம். என்னை மிகவும் உலுக்கிய இடம் இதுதான். கெட்டவர் ஒருவரும் இல்லாமலே இரண்டு ஊரும் பூட்டிக் கிடக்கின்றன. வெளியே எதிரிகள் வந்து மனிதரை விரட்டினார்கள் என்று இரண்டு ஊரும் நம்பிய பழங்கதை, கடைசியில் உண்மையில்லை என்று தெரியவருகிறது. மிச்சத்தை நான் சொல்ல மாட்டேன், தம்பி தங்கைகள் படிக்க வேண்டும்.

கிளார்க்குக்கு முதுமையில் போலியோவின் பின்விளைவால் நடக்க முடியாமல் போனது. சக்கர நாற்காலியில் இருந்தார். தண்ணீருக்குள் தன்னால் முழுமையாக இயங்க முடியும் என்று அவர் சொன்னார். கால் வழங்காத மனிதருக்கும் கடல் வழிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு ஒரு அலுமாரி வழிவிடக் கூடாதா?

இதற்காகத்தான் நான் மேடை மேடையாக ஏறுகிறேன். அதிகாரி அவர்களே, உங்களைக் குறை சொல்ல வரவில்லை. ஒரு புத்தகம் தொலைந்தால் பொறுப்பாசிரியரின் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் அந்த ஆசிரியர்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்தை நீக்க வேண்டியவர்கள் மேலே இருப்பவர்கள்தான். தொலைகிற புத்தகத்தைப் படித்த புத்தகம் என்று கணக்கில் எழுதவிடுங்கள். மூதூரிலும் தம்பலகாமத்திலும் சாம்பல்தீவிலும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரே ஒரு தட்டு, பூட்டு இல்லாமல். நான் கேட்பது அவ்வளவுதான். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று பிள்ளைகளிடம் சொல்லும் நாம், ஆழத்தை அறியும் கயிற்றையும் குண்டையும் பூட்டி வைத்துவிட்டுச் சொல்கிறோம். அது தர்மமில்லை.

தலைவர் அவர்கள் நேரம் காட்டுகிறார். பணிகிறேன். வாசலில் மேசை மேல் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். உங்கள் பள்ளியில் பூட்டிய அலுமாரி எத்தனை, சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போங்கள். கொப்பிக்குப் பக்கத்தில் என்னுடைய 'நகரமும் விண்மீன்களும்' இருக்கிறது, கொழும்பில் வாங்கிய அதே பிரதி. வேண்டிய பிள்ளை எடுத்துக்கொண்டு போகலாம். பெயர் எழுத வேண்டியதில்லை.