பேரன் வீட்டுக்கு அல்ல, பிஜிக்கு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நம் வீடுகளில் அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா பாஸ்போர்ட் எடுக்கிறார்கள் என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மகளுக்குப் பிரசவம், இல்லாவிட்டால் மருமகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பருப்புப்பொடி, வடகம், ஊறுகாய் எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவார்கள். நானும் என் வீட்டுக்காரரும் விமானம் ஏறியது வேறு காரியத்துக்காக. எங்கள் சபை எங்களைப் பசிபிக் கடலில் இருக்கும் பிஜித் தீவுகளுக்கு ஊழியத்துக்கு அனுப்பியது. 18 மாதம் அங்கே இருந்தோம். அந்த அனுபவத்தைப் பேசும்படி நிலையத்தார் அழைத்தார்கள், அவர்களுக்கு நன்றி.

நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் ஒரு மில்லில் கணக்கு பார்த்தவர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். மார்மன் சபை என்று சொன்னால் சிலருக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டிரண்டு பேராக நடந்து போகும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். 18 வயது ஆனதும் இரண்டு வருஷ ஊழியத்துக்குக் கிளம்புகிறவர்கள் அவர்கள். அதே சபையில் வயதான தம்பதிகளுக்கும் ஓர் ஊழியம் உண்டு என்பது வெளியில் அதிகம் தெரியாது.

பிள்ளைகளை ஆளாக்கி முடித்த கணவன் மனைவி சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். 6 மாதத்திலிருந்து 23 மாதம் வரை காலம் உண்டு. உடல் பரிசோதனை, பல் பரிசோதனை எல்லாம் முடித்துச் சான்று கொடுக்க வேண்டும். எங்கே போக ஆசை, என்ன வேலை தெரியும் என்று எழுதலாம். ஆனால் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் தலைமையிடம். சம்பளம் கிடையாது. செலவு நம்முடையது. வெளிநாட்டில் வீட்டுச் செலவுக்காகத் தம்பதிகள் மாதம் 1,400 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை, மிச்சத்தைச் சபை ஏற்கும் என்று 2011-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். அமெரிக்கக் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். நம் ஊர் ஓய்வூதியத்தில் அந்தத் தொகையே மலைப்பாக இருக்கும். எங்களுக்கு அவ்வளவு ஆகவில்லை. என் பென்ஷன், அவருடைய சேமிப்பு, மகன் மாதாமாதம் போட்டது எல்லாம் சேர்ந்து சமாளித்தோம்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஊழியம் புதிதல்ல. திருநெல்வேலியில் 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் நம் ஆட்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பியது. எங்கள் சபை இந்தியாவில் வேர்விட்டதிலும் ஒரு தம்பதிக்குப் பங்கு உண்டு. எட்வின் தர்மராஜு, எல்சி தர்மராஜு. ஹைதராபாத்துக்காரர்களான அவர்கள் சமோவா தீவில் இருந்தபோது சபையில் சேர்ந்தார்கள். 1978-இல் சொந்த ஊருக்கே ஊழியர்களாக அனுப்பப்பட்டார்கள். அவர்கள் உறவுக்காரர்களில் 22 பேர் அப்போது ஞானஸ்நானம் பெற்றார்கள். எனக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் ஊருக்கும் ஓர் அமெரிக்கத் தம்பதி வந்திருந்தார்கள். தலை முழுக்க நரைத்த பிறகு இத்தனை தூரம் வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் மாமியாரோடு சைகையிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். நாமும் ஒருநாள் இப்படிப் போக வேண்டும் என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

ஆனால் நேரம் வந்தபோது வீட்டில் சம்மதம் சுலபமாகக் கிடைக்கவில்லை. மகளுக்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்து சில மாதம்தான். "அம்மா, நம்ம குழந்தையை விட்டுட்டு யார் குழந்தையைப் பார்க்கப் போறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சொந்தக்காரர்கள் இன்னும் காரமாகவே கேட்டார்கள். என் சம்பந்தியம்மாள்தான் மகளிடம் பேசினார். "நானும் பாட்டிதானே, நான் பார்த்துக்கறேன், அவங்க போயிட்டு வரட்டும்" என்று சொன்னார். அவர் எங்கள் சபைக்காரர்கூட இல்லை. மாசாணியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறவர். அவர் இல்லையென்றால் நாங்கள் போயிருக்கவே முடியாது.

பேரப்பிள்ளை வளர்ப்பது சின்ன வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஓய்வு பெற்றவர்களின் மிச்ச ஆயுள் முழுவதும் பிள்ளைகளின் வசதிக்கு ஒதுக்கப்பட்டது என்று நாம் எழுதப்படாத சட்டம் வைத்திருக்கிறோமே, அதைத்தான் நான் ஏற்கவில்லை. அறுபது வயதில் ஒருவருக்கு ஒரு வேலை நன்றாகத் தெரியும், உடம்பிலும் இன்னும் தெம்பு இருக்கும். அந்த இரண்டும் சேர்ந்திருக்கும் காலம் ரொம்ப நீளமானதல்ல.

சரி, பிஜியில் என்ன செய்தோம்? தெருத்தெருவாகப் போய்ப் பிரசங்கம் செய்தோம் என்று நினைக்காதீர்கள். வயதானவர்களிடம் சபை அதை எதிர்பார்ப்பதில்லை. தலைநகர் சூவாவில் இருக்கும் ஊழிய அலுவலகத்தில் அவருக்கு வேலை. தீவு முழுக்க இளம் ஊழியர்கள் தங்கியிருக்கும் வீடுகளின் வாடகை, கரண்ட் பில், தண்ணீர்த் தொட்டி, கார்களின் பராமரிப்பு, விசாத் தாள்கள். நாற்பது வருஷம் மில் கணக்கு எழுதியவருக்கு அது கைவந்த வேலை. வீட்டுச் சொந்தக்காரர்களிடம் பொறுமையாகப் பேசி வாடகை குறைப்பதில் அவரை மிஞ்ச அங்கே ஆள் இல்லை.

எனக்கு அந்தப் பிள்ளைகளின் உடல்நலம். ஊசி போடுவதும் மருந்து எழுதுவதும் என் வேலை இல்லை. போனில் கேட்பது, நேரில் போய்ப் பார்ப்பது, எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும், எப்போது வீட்டிலேயே இருந்தால் போதும் என்று சொல்வது. சூவாவில் மழை நிற்காது. பையன்கள் நனைந்த ஷூவோடு நாள் முழுக்க நடப்பார்கள். விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். கொசு கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து கட்டியாக்கிக்கொண்டு வருவார்கள். டெங்கு வந்தால் பாரசிட்டமால் தவிர வேறு எந்த வலி மாத்திரையும் தொடக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி ஒட்டினேன். ஏனென்றால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் எல்லாம் அந்த நேரத்தில் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷப்படுகிற நாளில்தான் டெங்கு மோசமாகும் என்பதைப் பத்தொன்பது வயதுப் பையனுக்குப் புரியவைப்பது லேசான காரியமில்லை.

இன்னொரு நோய் உண்டு. காய்ச்சல் இருக்காது, வாந்தி இருக்காது, ஆனால் வயிறு வலிக்கிறது என்பார்கள். வந்து முதல் சில வாரத்தில் வரும். கிரிபாட்டி என்ற தீவு நாட்டிலிருந்து வந்த ஒரு பையன் நள்ளிரவில் போன் செய்தான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன், ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறான். அம்மாவிடம் எப்போது பேசினாய் என்று கேட்டேன். பதில் இல்லை, அழுகை மட்டும்தான். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேச 2019 முதல் சபை அனுமதி கொடுத்திருக்கிறது. அந்த வாரம் அவன் வீட்டில் நெட்வொர்க் கிடைக்கவில்லையாம். மறுநாள் இரண்டு பேரும் அவனைப் போய்ப் பார்த்தோம். சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். எங்கள் சபையில் காபி, டீ குடிப்பதில்லை என்பதால் நம் ஊர் சுக்கு மல்லிதான் எங்கள் வீட்டுப் பானம். வலி போய்விட்டது என்றான். இளைஞர்களோடு வயதான தம்பதிகளையும் ஏன் அனுப்புகிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு நன்றாக விளங்கியது.

பிஜியில் தமிழர்கள் இருக்கிறார்கள் என்பது நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து அறுபதாயிரம் பேரைக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் போனது. அப்படிப் போனவர்கள் ஏறக்குறைய 15,000 பேர். அந்தத் தென்னிந்தியர்கள் 1926-இல் தொடங்கிய சங்கம் இன்றும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. நாந்தி ஊரில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் கோபுரத்தைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் பேரூரில் நிற்கிறோமோ என்று இருந்தது. பேச்சுதான் பெரும்பாலும் பிஜியில் வழங்கும் இந்தி மொழியாக மாறிவிட்டது.

அந்த ஊர்க்காரர் ஒரு பெண்மணி, எங்கள் வயதுதான், ஒரு காகிதத்தின் ஜெராக்ஸைக் கொண்டுவந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் குடியேற்றச் சீட்டு. சூவாவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கப்பல் பெயர், ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். ஜில்லா வட ஆற்காடு. ஊர்ப் பெயரை ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருந்தார். அவர் பிள்ளைகள் வரைபடத்தில் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லையாம். என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நாலைந்து விதமாக வாய்விட்டுப் படித்தார். தாலுகா குடியாத்தம் என்று முதலில் பிடிபட்டது. அப்புறம் வேலூரில் இருக்கும் தன் பழைய நண்பருக்குப் போன் போட்டு, குடியாத்தம் பக்கம் இப்படி ஒரு கிராமம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் அவர்.

அந்த அம்மாள் கேட்ட கேள்விகள் இன்னும் காதில் இருக்கின்றன. அங்கே ஆறு இருக்கிறதா? என்ன பயிர் செய்வார்கள்? அங்கிருந்து கடலுக்கு எவ்வளவு தூரம்? கடலையே பார்க்காத ஒரு பையன் எப்படிக் கப்பல் ஏறினான் என்று அவருக்கு ஆச்சரியம். பாலாறு பற்றிச் சொன்னோம், நிலக்கடலை பற்றிச் சொன்னோம். குடும்ப உறவு சாவோடு முடிவதில்லை என்பது எங்கள் சபையின் நம்பிக்கை. அதனால்தான் முன்னோர் பெயர்களைத் தேடுவதை எங்களில் பலர் ஊழியமாகவே செய்கிறார்கள். ஆனால் அந்த அம்மாள் முருக பக்தர். அவரிடம் நாங்கள் மதம் பேசவில்லை, அவர் முன்னோர் பெயரை எங்கள் ஏட்டில் ஏற்றவும் இல்லை. சீட்டைப் படித்துக் கொடுத்தோம், அவ்வளவுதான். அப்புறம் ஒருவர் சொல்லி ஒருவராக நிறைய பேர் சீட்டோடு வந்தார்கள். ஞாயிறு மதியங்கள் அதற்கே போயின. சபை எங்களுக்கு எழுதிக் கொடுத்த வேலைகளில் இது கிடையாது. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த, பழைய தாலுகா பெயர்கள் நினைவிருக்கிற கிழவன் கிழவிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது?

கணவன் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்காலம் முழுக்க அவருக்குக் காலை ஷிப்டு, எனக்கு ராத்திரி டியூட்டி. வாசலில் சந்தித்துக்கொள்வோம். பிஜியில் முதல் தடவையாக ஒரே மேஜையில் இரண்டு பேரும் வேலை செய்தோம். அவர் எவ்வளவு நிதானமானவர் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. நான் எப்படி முடிவெடுக்கிறேன் என்று அவர் அங்கேதான் பார்த்தார். சண்டையும் வந்தது. அவர் கார் ஓட்டும் வேகத்துக்காக நான் போடாத சண்டை இல்லை. ஆனால் தினமும் ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்து முழங்கால்படியிட்டு ஜெபிக்க வேண்டும். மனதில் கோபத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட முடியாது, அதனால் அதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுவோம்.

கஷ்டமான ஒன்றையும் மறைக்க மாட்டேன். நாங்கள் அங்கே இருந்தபோது பொள்ளாச்சியில் என் அண்ணன் காலமானார். முக்கியமான குடும்பக் காரியத்துக்கு அனுமதி வாங்கிச் சொந்தச் செலவில் சில நாள் வந்து போகலாம். ஆனால் எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் அடக்கத்துக்கு வந்து சேர முடியாது. போனில்தான் முகம் பார்த்தேன். அண்ணியைக் கட்டிக்கொண்டு அழ முடியவில்லை. திரும்பி வந்து அவரோடு ஒரு வாரம் தங்கினேன். அந்த இழப்புக்கு ஈடு கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், கிடைக்கவில்லை. போக நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

எந்தச் சபையாக இருந்தாலும் சரி, இப்படிப் போக ஆசைப்படும் தம்பதிகள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும்போதே கிளம்புங்கள். எழுபத்தைந்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் மருத்துவச் சான்று கிடைக்காமல் போகலாம். பிள்ளைகளிடம் முடிவெடுத்த பிறகு சொல்லாதீர்கள், யோசிக்கும்போதே பேசுங்கள். வீட்டைப் பூட்டிப் போடாமல் ஒரு நல்ல குடும்பத்துக்கு வாடகைக்கு விடுங்கள், அந்தப் பணம் செலவுக்குக் கைகொடுக்கும். மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டை இங்கிலீஷில் வாங்கிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரில் ஒருவருக்கு மனம் இல்லையென்றால் போகாதீர்கள், அவருக்கும் மனம் வரும்வரை காத்திருங்கள்.

நாங்கள் இன்னொரு தடவை விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவருடைய முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, டாக்டர் திங்கட்கிழமை பார்க்கிறேன் என்றிருக்கிறார். இந்தத் தடவை மகள்தான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாரத்தை நிரப்பித் தருகிறாள்.

கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.