மஞ்சள் கொடியும் வேப்பிலையும்

(கப்பல் வேலைக்குப் புறப்படும் இளைஞர்களுக்கும் அவர்களது பெற்றோருக்கும் திருகோணமலையில் ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, கப்பலுக்குப் போக ஆயத்தமாக இருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே,

கப்பலைப் பார்க்காமல் இந்த ஊரில் யாரும் வளர்வதில்லை. ஆனால் துறைமுகத்துக்கு வரும் கப்பல் மஞ்சள் கொடி ஏற்றியிருந்தால் அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் அது கப்பலில் நோய் இருக்கிறது, கிட்ட வராதீர்கள் என்ற எச்சரிக்கை. இன்று அதே மஞ்சள் கொடிக்கு நேர்மாறான பொருள்: என் கப்பலில் நோயில்லை, உள்ளே வர அனுமதி தாருங்கள்.

நமக்கும் இப்படியொரு கொடி இருந்தது. அம்மாள் வருத்தம் வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள். அதைக் கண்டவர்கள் படலைக்கு வெளியே நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். உள்ளே படுத்திருக்கும் பிள்ளைக்கோ வேளைக்கு இளநீர் கிடைக்கும், தாய் பக்கத்திலேயே இருப்பாள், காய்ச்சல் வந்ததற்காக அதை யாரும் ஏச மாட்டார்கள். ஒதுக்கி வைப்பதும் பராமரிப்பதும் அந்த வீட்டில் ஒரே காரியமாக நடந்தன. கப்பல்களின் வரலாற்றைப் பார்த்தால் ஒதுக்கி வைப்பது எப்போதும் நடந்திருக்கிறது. பராமரிப்புத்தான் பல வேளைகளில் விடுபட்டுப் போயிருக்கிறது.

1377ஆம் ஆண்டு, இன்று குரோவேசியாவில் டுப்ரோவ்னிக் எனப்படும் ரகுசா துறைமுக நகரம், கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருவோரை 30 நாள் வெளியே நிறுத்தியது. பின்னர் அது 40 நாளானது. நம் மக்களும் இதை அனுபவித்தவர்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரைத் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்துத்தான் இலங்கைக்கு அனுப்பினார்கள். மலாயாவுக்குப் போன தமிழர் பலர் பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவில் இறக்கப்பட்டார்கள். நம் நாட்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 1897ஆம் ஆண்டினது. கொரோனாக் காலத்தில் நம்மை வீட்டுக்குள் இருக்கச் சொன்னதும் அதே சட்டந்தான்.

இனி, நீங்கள் போகவிருக்கும் கப்பல்களைப் பற்றிப் பேசுவோம். 2020 பெப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட ‘டயமண்ட் பிரின்சஸ்’ என்ற உல்லாசப் பயணக் கப்பல் நினைவிருக்கிறதா? அதற்கு முந்திய மாதம் 25ஆம் திகதி ஹொங்கொங்கில் இறங்கிய பயணி ஒருவருக்குக் கொரோனா இருப்பது பெப்ரவரி 1ஆம் திகதி உறுதியானது. 5ஆம் திகதி முதல் பயணிகள் அறைகளுக்குள் அடைக்கப்பட்டார்கள். கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்றியது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் பரிசோதித்த வேளையில் அறிகுறி எதுவும் இல்லை.

பயணிகள் அறைக்குள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுபோனது யார்? ஏறத்தாழ ஆயிரம் பணியாளர்கள். அவர்கள் தொடர்ந்து வேலை செய்தார்கள். ஒரே அறையில் சேர்ந்து படுத்தார்கள், ஒரே கூடத்தில் சாப்பிட்டார்கள். பெப்ரவரி 9ஆம் திகதி வரை தொற்று உறுதியான 20 பணியாளர்களில் 15 பேர் உணவுப் பிரிவினர். 16 பேர் மூன்றாம் தளத்தில் தங்கியிருந்தவர்கள். உணவுப் பிரிவினர் படுத்துறங்கும் தளமே அதுதான். நான் பல வருடங்கள் சமையற்கட்டுகளைச் சோதித்தவன். இந்தக் கணக்கை முதலில் வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டவர்களைக் காப்பாற்றத் திட்டம் போட்டவர்கள், அந்தக் கதவைத் தட்டும் கையை நினைக்க மறந்துவிட்டார்கள். அந்தக் கை நாளைக்கு உங்களுடையதாக இருக்கும்.

கொரோனாவை விட நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போவது நோரோ வைரஸ். வாந்தி, வயிற்றோட்டம், இரண்டு மூன்று நாள் அவதி. மிகச் சில துகள்களே ஒருவரை வீழ்த்தப் போதும். படிக்கட்டுக் கைப்பிடியிலும் உணவு பரிமாறும் அகப்பையிலும் அது நாட்கணக்கில் உயிரோடிருக்கும். வாசலில் வைத்திருக்கும் மதுசாரக் கைத்திரவத்தை நம்பாதீர்கள், இந்தக் கிருமிக்கு அது போதாது. சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில், விரலிடுக்கு விடாமல் கழுவுங்கள். உணவைத் தொடும் வேலையில் இருப்பவர், நோய்க்குறி நின்ற பிறகும் குறைந்தது 48 மணித்தியாலம் சமையற்கட்டுக்குள் போகக்கூடாது.

இந்த 48 மணித்தியாலத்தில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. கப்பலால் திரும்பிவந்த ஒரு தம்பி என்னிடம் சொன்னான்: “ஐயா, இரண்டு தரம் வாந்தி எடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்று பயம்.” முகத்தைக் கழுவிக்கொண்டு போய்த் தட்டு ஏந்தியிருக்கிறான். அவனை நான் குறை சொல்லவில்லை. தங்கையின் கலியாணத்துக்குக் கடன் வாங்கிக் கொடுத்தவன் அவன். திரைகடல் ஓடித் திரவியம் தேடச் சொன்னார்கள். நோயை மறைத்துக்கொண்டு தேடச் சொல்லவில்லையே. உண்மை சொன்னால் சம்பளம் போகும் என்ற அச்சம் இருக்கும் வரை எந்தக் கப்பலிலும் கிருமி ஒழியாது. இதை உரத்துச் சொல்ல வேண்டிய இடம் கப்பல் நிறுவனங்களின் பணிமனை என்பது எனக்குத் தெரியும். அங்கும் எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் என்ற சர்வதேச உடன்படிக்கை மாலுமிகளுக்கு மட்டுமல்ல, கப்பலில் கட்டில் விரிப்பவருக்கும் மரக்கறி நறுக்குபவருக்கும் பொருந்தும். பணிக்காலத்தில் நோயுற்றால் மருத்துவச் செலவு கப்பல் உரிமையாளருடையது. வேலை செய்ய முடியாத காலத்துச் சம்பளத்துக்கு ஒரு நாட்டின் சட்டம் எல்லை வைத்தாலும், அந்த எல்லை 16 வாரங்களுக்குக் குறையக்கூடாது.

அம்மாமாரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை தொலைபேசியில், “வயிறு சரியில்லை அம்மா, மருத்துவரிடம் சொல்லிவிட்டேன், வேலைக்குப் போக வேண்டாம் என்கிறார்கள்” என்று சொன்னால், காசைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். நல்லது செய்தாய் என்று சொல்லுங்கள்.

ஒப்பந்தப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் நோய்க்கால விதிகள் இருக்கும் பக்கத்தை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து வாசிப்போம்.