கொழுப்பு கொடுக்குற சாவு உத்தரவு: கடுகு வேர்ல பாத்துடலாம்

வணக்கம் மக்களே, சேலத்துல இருந்து. முதல்ல இந்தக் கதிரைப் பாருங்க. ஆத்தூர்ப் பக்கத்து மக்காச்சோளம். கேமராகிட்ட கொண்டு வரேன். இந்த நாலஞ்சு மணி மேல இளஞ்சிவப்பு கலந்த வெள்ளைப் பூஞ்சை. பக்கத்து மணியில பூஞ்சை இல்ல, ஆனா உச்சியில இருந்து வெள்ளைக் கோடு கோடா பிரிஞ்சு இறங்குது, தெரியுதா? ஃப்யூசேரியம் வெர்டிசில்லியாய்டிஸ்ங்கற பூஞ்சை பிடிச்ச மணி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இது ஃப்யூமோனிசின்னு ஒரு நஞ்சைச் சுரக்கும். இந்த மாதிரி மணியைத் தீவனத்துல சேக்காதீங்க. குறிப்பா குதிரைக்கு ஆகவே ஆகாது, மூளையவே அழிச்சிரும்.

ஆனா இன்னைக்குப் பேச்சு குதிரையைப் பத்தி இல்ல. இந்த நஞ்சு செடியோட செல்லை எப்படிக் கொல்லுதுங்கறதுதான். அது சவ்வைக் கிழிச்சு ஓட்டை போடுறதில்ல. சவ்வுக்குக் கொழுப்பு தயாராகுற வழியில ஒரு இடத்துல அடைப்பு வைக்குது, அவ்வளவுதான். மிச்ச வேலையை செல்லே பாத்துக்குது.

அந்த வழி இதுதான். செரின்னு ஒரு அமினோ அமிலம், பால்மிட்டிக் கொழுப்பு, ரெண்டும் சேரும். அதுல இருந்து ஸ்பிங்கானின் வரும். ஸ்பிங்கானின் மேல இன்னொரு கொழுப்பு அமிலத்தை ஒட்டினா செராமைடு. ஒட்டுற நொதிக்குப் பேரு செராமைடு சின்தேஸ். ஃப்யூமோனிசின் பி1 பாக்க ஸ்பிங்கானின் மாதிரியே இருக்கும், அதனால நொதி ஏமாந்து அதைப் பிடிச்சுக்கும். முன்னாடி படியில ஸ்பிங்கானினும், அதோட சொந்தக்காரப் பொருளான ஃபைட்டோஸ்பிங்கோசினும் தேங்கும். தேங்கினா செல் சாகும்.

இங்க ஒரு கேள்வி வரணும். செல் செத்தது செராமைடு கிடைக்காமலா, ஸ்பிங்கானின் தேங்கினதாலயா? இதைப் பிரிச்சுப் பாத்த சோதனை அழகானது. மைரியோசின்னு ஒரு பொருள் இருக்கு, அது செரினும் கொழுப்பும் சேர்ற முதல் படியையே அடைச்சிரும். நஞ்சோட அதையும் சேத்துக் கொடுத்தா ஸ்பிங்கானினும் வராது, செராமைடும் வராது. பட்டினிதான் காரணம்னா செல் இன்னும் சீக்கிரம் சாகணும். ஆனா செல் பிழைச்சுக்குது. அப்போ கொல்றது தேக்கம்தான்.

தக்காளியிலயும் இதே கதைதான். தண்டைக் கருக வைக்குற ஒரு ஆல்டர்னேரியா வகை, ஃப்யூமோனிசினுக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு நஞ்சைச் சுரக்குது. அதைத் தாங்குற தக்காளியில இருக்குற ஜீனை 2000-ல கண்டுபிடிச்சாங்க. பாத்தா அது செராமைடு சின்தேஸ் குடும்பத்து ஜீன்!

சரி, அப்போ செராமைடு நல்லதான்னா, அதுவும் இல்ல. அரபிடாப்சிஸ்னு ஆராய்ச்சிக்கூடத்துல வளக்குற ஒரு சின்னச் செடி இருக்கு. அதுல ஏசிடி5-னு ஒரு திரிபுச் செடி. செராமைடு மேல பாஸ்பேட் ஒட்டுற நொதி அதுல கெட்டுப் போயிருக்கு. செடி முதல்ல நல்லாத்தான் வளரும். வயசாக வயசாக செராமைடு சேரும், நோய் எதுவும் இல்லாமலே இலையில செத்த புள்ளி வரும். பாஸ்பேட் ஒட்டின செராமைடு சாவை அடக்குது, ஒட்டாதது தூண்டுது. அதனால எந்தக் கொழுப்பு கெட்டதுன்னு தனியாக் கேக்குறதுல அர்த்தமே இல்ல, எதுக்கு எது எவ்வளவுங்கறதுதான் கணக்கு.

இன்னொரு வழி, கொழுப்பு துருப்பிடிக்குறது. செடிச் சவ்வுல லினோலெனிக் அமிலம் நிறைய. அதுல மூணு இரட்டைப் பிணைப்பு இருக்கு, நடுவுல இருக்குற ஹைட்ரஜன் லேசா உருவிக்கும். இரும்பும் ஆக்சிஜனும் கிடைச்சா ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தொத்திக்கிட்டே போகும். இப்படி செல் சாகுறதுக்குப் பேரு ஃபெரோப்டோசிஸ். 2017-ல அரபிடாப்சிஸ் வேர்த்தூவியில, அதாவது வேர் மேல இருக்குற மெல்லிய முடியில, காட்டினாங்க: 55 டிகிரியில 10 நிமிஷம் வச்சா தூவி இப்படிச் சாகுது. இந்தத் துருப்பிடிப்பைத் தடுக்குற ஃபெரோஸ்டாட்டின்ங்கற மருந்தை முன்கூட்டியே 1 மைக்ரோமோலார் கொடுத்திருந்தா தப்பிக்குது. 77 டிகிரியில வச்சா அதே மருந்து உதவாது, ஏன்னா அது வெறும் வேகல். நகப் பூஞ்சை மருந்தான சிக்ளோபிராக்ஸும் காப்பாத்துது, அது இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும்.

இந்த வித்தியாசத்தை, தானா சாகுறதுக்கும் வேகுறதுக்கும் உள்ளதை, நம்ம காலேஜ் லேப்ல கடுகை வச்சே பாக்கலாம். கடுகு அரபிடாப்சிஸுக்குச் சொந்தக்காரச் செடிதான்.

சமையல் கடுகை 1 சதவீத ஹைப்போகுளோரைட்ல 5 நிமிஷம் போட்டு, நாலு தடவை அலசுங்க. பெட்ரி தட்டுல ஈர ஃபில்டர் பேப்பர் மேல பரப்புங்க. பேப்பர் ஈரமா இருக்கணும், தண்ணி நிக்கக் கூடாது. நின்னா வேர் வரும், தூவி வராது. எல்லாரும் சறுக்குற இடம் இதுதான். சேலம் வெயிலுக்கு ரெண்டு மூணு நாள்ல வந்துரும், ஏற்காட்டுல செஞ்சீங்கன்னா குளிருக்குக் கூடுதலா விடுங்க. இந்தா பாருங்க, வேரைச் சுத்தி வெல்வெட் மாதிரி வெள்ளையா நிக்குது, இதான் தூவி.

டெஸ்ட் டியூப்ல 2 மில்லி காய்ச்சி வடிச்ச தண்ணி. போர் தண்ணி வேண்டாம், உப்பு கணக்கைக் கெடுக்கும். வாட்டர் பாத்ல வச்சு, தெர்மாமீட்டரை டியூபுக்குள்ள விடுங்க. பாத் 55 காட்டும்போது டியூப் 52-ல நிக்கலாம். சூடு நிலையானதும் நாத்தை விட்டு 10 நிமிஷம். ஒரு செட் சாதாரணச் சூட்டுல, அப்புறம் 45, 50, 55, 60, 80. கடுகுக்குச் சரியான சூடு அரபிடாப்சிஸ்ல இருந்து ஒண்ணு ரெண்டு டிகிரி தள்ளியிருக்கலாம், அதனாலதான் இத்தனை செட். எடுத்து மறுபடி ஈரப் பேப்பர்ல வச்சு ராத்திரி பூரா விடுங்க. உடனே பாத்தா ஒண்ணும் தெரியாது. தன்னைத் தானே கொல்ல செல்லுக்கு மணிக்கணக்குல ஆகும்.

மறுநாள் 0.25 சதவீத எவான்ஸ் புளூல 10 நிமிஷம், கையுறை போட்டுக்கோங்க. இது செத்த செல்லுக்குள்ள மட்டும் ஏறுற நீலச் சாயம். நீலம் வெளியேறுறது நிக்கிற வரைக்கும் அலசி, தண்ணியிலயே கவர் ஸ்லிப் போட்டு 40 எக்ஸ்ல பாருங்க. நீலமே ஏறலைன்னா உயிரோட இருக்கு. நீலம் ஏறி, உள்ள இருக்கிறது சுருங்கி சுவரை விட்டு விலகி நின்னா, தானா செத்தது. நீலம் ஏறி, சுவரை ஒட்டியே இருந்தா வெந்தது. ஒரு வேருக்கு 100 தூவியாவது எண்ணுங்க. 80-ல விலகினது அநேகமா கிடைக்காது, நடு சூட்டுலதான் அது ஏறும்.

இப்ப எங்க ஏமாறுவோம்னு சொல்றேன். ஸ்லைடு காய்ஞ்சாலோ, உப்புக் கரைசல்ல வச்சாலோ உயிருள்ள தூவியும் சுவரை விட்டுச் சுருங்கும். அதுல நீலம் ஏறாது, தண்ணி விட்டா திரும்ப உப்பும். அதனால சுருங்கினதை மட்டும் பாத்து எண்ணாதீங்க, நீலமும் சேந்து இருக்கணும். நுனி வெடிச்சு உள்ள இருக்கிறது வெளிய கொட்டிக் கிடக்குற தூவியைக் கணக்குல விட்டுருங்க, கூடவே ஃபோர்செப்ஸ் பட்ட இடத்தையும். இலைத்துண்டை ஊறப் போட்டு இசி மீட்டர்ல (தண்ணியில மின்சாரம் எவ்வளவு கடத்துதுன்னு பாக்குற கருவி) உப்புக் கசிவு அளக்குறாங்களே, அது செல் செத்ததைச் சொல்லும், எப்படிச் செத்துச்சுன்னு சொல்லாது.

ஃபெரோஸ்டாட்டின் வாங்க வசதி இருந்தா டிஎம்எஸ்ஓ-ங்கற கரைப்பான்ல கரைச்சு, நாத்தை முந்தின ராத்திரியே அதுல விட்டுருங்க. வெறும் டிஎம்எஸ்ஓ மட்டும் கொடுத்த ஒரு செட்டும் கட்டாயம் வேணும். ஃப்யூமோனிசினை மட்டும் காலேஜ்ல கையாளவே வேண்டாம். மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கலாம்னு பட்டியல்ல இருக்குற பொருள் அது. இந்தக் கதிரையும் நான் இப்பவே பையில கட்டிடுறேன், உதிர்த்துப் பாக்கப் போனா தூசி மூக்குல ஏறும்.