காவிரி டெல்டாவில் பள்ளியைத் திறக்க எந்த மாதம் நல்ல மாதம்?

(காட்சி: ஓட்டுக் கூரை போட்ட ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. வாசலில் வேப்பமரம். சுற்றுச்சுவருக்குப் பின்னால் நாற்றங்கால்.)

வணக்கம். கொரோனா காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடின. அப்புறம் எப்போது எப்போது திறந்தன என்று ஒரு தடவை வரிசையாகப் பார்த்துவிடுவோம். 2021 ஜனவரி 19-ல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும். பிப்ரவரி 8-ல் ஒன்பதும் பதினொன்றும். மார்ச் 22-ல் பன்னிரண்டைத் தவிர மற்ற எல்லாம் மறுபடி மூடல். செப்டம்பர் 1-ல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. நவம்பர் 1-ல்தான் ஒன்று முதல் எட்டு வரை.

(திரையில்: நாட்காட்டித் தாள். 2021 நவம்பர் 1, ஐப்பசி 15.)

இந்தக் கடைசித் தேதியைக் கவனியுங்கள். பத்தொன்பது மாதத்துக்கு மேல் வீட்டில் இருந்த சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்த நாள், டெல்டாவில் ஐப்பசி பாதி. மூன்று நாளில் தீபாவளி. அதைத் தொடர்ந்து தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கு மாவட்டத்திலும் அடைமழை. சம்பா வயல் மூழ்கியது, பள்ளிக்கு விடுமுறை மேல் விடுமுறை. 2020 ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, இரண்டாம் வகுப்பில்தான் முதன்முதலாக வகுப்பறையைப் பார்த்தது. அதுவும் நாலு நாள் வந்தால் ரெண்டு நாள் மழை.

இந்த வீடியோவில் சொல்ல வருவது ஒன்றுதான். காற்றில் பரவும் ஒரு நோய் இன்னொரு தடவை வந்தால், டெல்டாவில் பள்ளி திறக்கும் தேதியைக் காற்றையும் மழையையும் நடவையும் பார்த்துக் குறிக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

(காட்சி: பள்ளி வாசல். நெற்றிக்கு நேராக வெப்பமானி பிடிக்கும் கை.)

முதலில் 2021 ஜனவரி. அப்போது என்னென்ன ஏற்பாடு இருந்தது? வாசலில் வெப்பப் பரிசோதனை, கையில் கிருமிநாசினி, வைட்டமின் மாத்திரை, துத்தநாக மாத்திரை, ஒரு அறைக்கு 25 பேர். பெஞ்சுகளைத் துடைத்துத் துடைத்து ஆட்களுக்குக் கை ஓய்ந்தது. அவர்களைக் குறை சொல்லவே முடியாது. இது காற்றில் பரவும் நோய் அல்ல என்று 2020 மார்ச்சில் சொன்னது உலக சுகாதார நிறுவனமே. காற்றில் மிதக்கும் நுண்துளிகளாலும் பரவுகிறது, காற்றோட்டம் இல்லாத அறையில் தூரத்திலும் தொற்றும் என்று அந்த நிறுவனம் தெளிவாக எழுதியது 2021 ஏப்ரல் இறுதியில். அதற்கு முந்தைய மாதமே தஞ்சாவூர் மாவட்டத்தில் பள்ளிகளுக்குள் தொற்று புகுந்துவிட்டது. அம்மாப்பேட்டையில் ஒரே பெண்கள் பள்ளியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று. அடுத்தடுத்துப் பல பள்ளிகள். மார்ச் 22 மூடலுக்கு முன்னால் மாநிலமே நம் மாவட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இடைவெளிக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

(திரையில்: சதுரம். 20 அடிக்கு 20 அடி. புள்ளி புள்ளியாகப் பிள்ளைகள்.)

இருபதுக்கு இருபது அடி அறை. ஆறடி இடைவெளி விட்டால் ஒரு வரிசைக்கு நான்கு பேர், நான்கு வரிசை, மொத்தம் பதினாறு. கரும்பலகை, மேசை, ஆசிரியர் நிற்க இடம் என்று முன்வரிசையை எடுத்துவிட்டால் பன்னிரண்டு. ஆக 25 பேர் உட்கார்ந்த அறையில் ஆறடி என்பது சுவரொட்டியில் மட்டும்தான் இருந்தது. செப்டம்பரில் அதை 20 ஆக்கினார்கள். ஆசிரியர்களும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றார்கள். அது பெரிய முன்னேற்றம். அப்போதும் அறை அதே அறைதான்.

சரி, அந்த அறைக்குள் என்ன நடக்கிறது?

(காட்சி: காலி வகுப்பறை. எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கிறது. மேசை மேல் ஒரு ஊதுபத்தி.)

மூச்சை நேரடியாகப் பார்க்க முடியாது. அதனால் ஊதுபத்தி. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் எந்தப் பள்ளியிலும் செய்து பார்க்கலாம். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பற்ற வையுங்கள். புகை நேராக ஏறுகிறது, விட்டம் வரை போகிறது, பரவுகிறது, அப்படியே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் கடைசி பெஞ்சிலும் வாசனை வந்துவிடும். ஆறடி, பத்தடி என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. ஒரு பிள்ளை விடும் மூச்சும் இப்படித்தான் அறை முழுக்கப் போகிறது.

இப்போது மேற்கு ஜன்னலை மட்டும் திறக்கிறோம். புகை கொஞ்சம் அலைகிறது, சுழல்கிறது, பெரிதாகக் குறையவில்லை. அடுத்து எதிர்ச்சுவரில் உள்ள கிழக்கு ஜன்னல். கவனியுங்கள், புகை படுத்துவிட்டது. கோடு போட்ட மாதிரி கிழக்கே போய் வெளியேறுகிறது. உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி, இரண்டும் எதிரெதிரே. வகுப்பறைக்கு வேண்டியது இதுதான். இதற்குக் கரண்ட் கூடத் தேவையில்லை.

எண்ணாகப் பார்க்க வேண்டுமென்றால் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இருக்கிறது. வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் நானூற்றுச் சொச்சம் பங்கு. நாம் விடும் மூச்சில் கிட்டத்தட்ட நாற்பதாயிரம். ஆட்கள் இருக்கும் அறையில் மீட்டர் 800-க்குக் கீழே நின்றால் காற்று நன்றாக மாறுகிறது. ஏறிக்கொண்டே போனால் ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

(காட்சி: ஜன்னலை மறைத்து நிற்கும் இரும்பு பீரோ. மேலே கட்டுக் கட்டாக விலையில்லா நோட்டுகள்.)

ஜன்னல் இல்லாத பள்ளி குறைவு. திறக்காத ஜன்னல்தான் அதிகம். பீரோ மறைத்திருக்கும். கொக்கி துருப்பிடித்திருக்கும். கொசுவுக்காகச் சாத்தியிருப்பார்கள். ஜன்னல் கதவு விழுந்துவிடும் என்று கம்பியோடு சேர்த்துக் கயிறு கட்டியிருப்பார்கள். டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒன்றை நினைவூட்ட வேண்டியதே இல்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ விபத்து. 94 பிள்ளைகள். கூரைக் கொட்டகையும் நெருக்கமான அறையும் ஒடுங்கிய வழியும் என்ன செய்யும் என்று நம் ஊர் பார்த்திருக்கிறது. பள்ளி அறைக்கு நல்ல ஜன்னலும் தாராளமான வழியும் கேட்பதற்கு நமக்குக் கொரோனாவும் தேவையில்லை.

இப்போது மாதத்துக்கு வருவோம்.

(திரையில்: டெல்டா வரைபடம். மேற்கிலிருந்து அம்புக்குறிகள்.)

ஆனி, ஆடி, ஆவணியில் நமக்கு மேல்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் அடிக்கிறது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பது சும்மா வந்த பேச்சில்லை. மழை குறைவு, ஜன்னல் நாள் முழுக்கத் திறந்திருக்கலாம், மரத்தடியிலும் வகுப்பு நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் மாறிவிடும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று, கூடவே மழை. சாரல் அடித்தால் ஆசிரியர் முதலில் செய்வது ஜன்னலைச் சாத்துவது. பிள்ளைகள் நனைகிறார்கள், நோட்டு நனைகிறது, வேறு என்ன செய்வார்? ஆக 2021-ல் சின்னப் பிள்ளைகளை நாம் உள்ளே கூப்பிட்டது, அறை அடைந்து கிடக்கும் மாதத்தில். பெரிய பிள்ளைகளுக்குத் திறந்த செப்டம்பர் 1 ஆவணி நடு. அன்றே தொடக்கப் பள்ளியையும் திறந்திருந்தால் ஐப்பசி வருவதற்குள் ஆறேழு வாரம் நல்ல காற்றோட்டத்தில் கிடைத்திருக்கும்.

பொதுத்தேர்வு இருக்கிறதே, பெரிய வகுப்புதானே முதலில் என்று கேட்கலாம். டென்மார்க் 2020 ஏப்ரல் 15-லேயே பள்ளி திறந்தது, அதுவும் சின்ன வகுப்புகளை முதலில். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் ஒன்றரை வருஷம் போனால் போனதுதான். பத்தாம் வகுப்புப் பையனுக்கு எப்படியோ ஒரு போன் கிடைத்தது, கல்வித் தொலைக்காட்சி இருந்தது. ஆறு வயசுக் குழந்தை போனை வைத்துக்கொண்டு ‘அ’ எழுதக் கற்குமா? சின்ன வகுப்பை வரிசையின் கடைசியில் வைத்தது தப்பு என்றுதான் நான் உறுதியாக நினைக்கிறேன்.

நடவுக்கும் இதில் பங்கு உண்டு. புரட்டாசியில் சம்பா நடவு மும்முரம். நாற்றுப் பறிக்க, கட்டு சுமக்க ஆள் கிடைக்காத நேரம். பதிமூன்று, பதினான்கு வயசுப் பையன் அந்த வருஷம் கூலி வாங்கிப் பழகிவிட்டான். பள்ளி ஐப்பசியில் திறந்தபோது எட்டாம் வகுப்பில் பெயர் இருந்தது, ஆள் இல்லை. ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் அழைத்தார்கள். “டீச்சர், நடவு முடியட்டும், அனுப்பி வைக்கிறேன்” என்ற அம்மாவைக் கோபிக்கவும் முடியாது. நடவுக்கு முன்னாலேயே பள்ளி நடந்துகொண்டிருந்தால், போகிறவனைத் தடுக்கலாம். போய்விட்டவனைத் திருப்புவது கஷ்டம்.

மழை மாதத்திலும் பள்ளி நடக்கத்தானே வேண்டும்? நடத்தலாம். வாடை மழையில் சாரல் வருவது வடக்கு, கிழக்கு ஜன்னலில். அதை மட்டும் சாத்தி, தெற்கையும் மேற்கையும் திறந்து வையுங்கள். தாழ்வாரத்துப் பக்கக் கதவும் திறந்தே இருக்கட்டும். புயல் சின்னம் இருந்தால் காற்று திசை மாறும், அன்றைக்கு மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். சத்துணவு அறைக்குள் வேண்டாம். முகக்கவசத்தைக் கழற்றி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிச் சிரித்துச் சாப்பிடும் நேரம் அது. தாழ்வாரத்தில் இரண்டு பந்தியாக வைத்தால் போதும். ஜன்னலைத் திறந்தால் கொசு வருமே என்றால் வலை அடிக்கலாம். மாடித் தொட்டியையும் மூடி வையுங்கள், டெங்குவும் அதே பருவத்தில்தான் வரும்.

(காட்சி: துருப்பிடித்த ஜன்னல் கொக்கி. எண்ணெய் விடும் கை.)

கொக்கி, வலை, சாரல் தடுக்க ஜன்னலுக்கு மேலே ஒரு தகடு. இவை பள்ளி மானியத்தில் முடியும் செலவு. அதற்கு மேல் சன்ஷேடு, புது ஜன்னல் என்றால் ஊராட்சி ஒன்றியத்தில் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுதி வையுங்கள், மே 1 கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். ஜூனில் பிள்ளைகள் வருவதற்குள் வேலை முடியும். மே 1-ஐ விட்டால் அடுத்து ஆகஸ்ட் 15. அதற்கப்புறம் கொத்தனார் வருவதற்குள் மழை வந்துவிடும்.